பதில் சொல்லக் கூடாத பூசை

இயேசு மரி சூசை துணை

கட்டுகஸ்தோட்டை,
ஞாயிறு, பகல் சாப்பாட்டுக்குப் பின்.

என் அன்புத் தங்கச்சி ஞானத்துக்கும், வணக்கத்துக்குரிய அருட்சகோதரி ஞானசீலி அவர்களுக்கும் (இரண்டு பேரும் நீதான் என்றாலும் ஒருவரை விசாரித்து மற்றவரை விட்டால் மரியாதையாக இராது), உன் அண்ணன் சூசைமாணிக்கம் கண்டியிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் உடம்பளவில் சுகம். மன்னாரில் நீயும், மதர் அவர்களும், மற்றச் சிஸ்டர்மாரும், போன முறை நான் வந்தபோது என் சேர்ட்டின் கையைத் தின்ற மடத்து ஆடும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். நீ வருடாந்தத் தியானத்தில் இருப்பதால் போனில் பேச முடியாது என்று மதர் சொல்லிவிட்டார். அப்படியானால் கடிதம் போடலாமா என்று கேட்டேன். "தாராளமா போடுங்க, ஆனா இந்தக் காலத்துல கடிதமெல்லாம் வந்து சேருமா?" என்றார். ஹுன்னஸ்கிரியவில் தலை நரைக்கும்வரை உப தபாலதிபராக இருந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? கன்னியர் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். என் மகள், உன் மருமகள் டிலானி, என்னோடு பேசுவதை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. காலையில் தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறாள், ஈ விழாமல் மூடியும் வைக்கிறாள், சீனியும் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்விடுகிறாள். சீனியைக் கூட்டியோ குறைத்தோ போட்டிருந்தால் கோபம் எந்த மட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்திருப்பேன். இப்படி அளவாகப் போட்டால் நான் என்ன நினைப்பது? பிழை என்மேல்தான் என்று எங்கள் கோயில் பங்குச் சனம் முழுக்கப் பேசிக்கொள்கிறார்கள். நான் செய்தது ஒன்றே ஒன்றுதான் ஞானம், ஒரு நாடகத்தில் பதில் சொல்லிவிட்டேன். நாடகத்தில் நடித்தவனாக அல்ல, பார்க்கப் போனவனாக. நீ தியானம் முடிந்த கையோடு பஸ் ஏறி வந்து அவளிடம் எனக்காக இரண்டு வார்த்தை பேச வேண்டும். அவள் அத்தை சொன்னால் கேட்பாள். என்ன நடந்தது என்று தெரியாமல் நீ வந்து நின்றால் அவள் பக்கம் சாய்ந்துவிடுவாய், ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

உன் அண்ணி புஷ்பம் கண்ணை மூடியதிலிருந்து டிலானி கோயிலில் ஓர்கன் வாசிப்பதை விட்டுவிட்டாள், கோயிலுக்கு வருவதையும் விட்டுவிட்டாள் என்பது உனக்குத் தெரியும். கூப்பிட்டால், "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் சோறாக்கி வைக்கிறேன்" என்பாள். நான் பூசை முடிந்து வரும்போது சோறு, பருப்பு, கோழிக்கறி எல்லாம் மேசையில் ஆவி பறக்க இருக்கும். அதைத் தின்றுவிட்டு எந்த வாயால் சண்டை பிடிப்பது? அப்படி இருந்தவள் திடீரென்று ஒரு நாள், பூசையையே ஓர் இசை நாடகமாகப் போடப்போகிறேன் என்றாள். ஆரம்ப மன்றாட்டு, வானவர் கீதம், விசுவாசப் பிரமாணம் என்று பூசையில் வருவதெல்லாம் அதே வரிசையில் வருமாம், அத்தனைக்கும் அவளே புதிதாக மெட்டுப் போட்டிருக்கிறாளாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளை கோயிலுக்கு வராவிட்டால் என்ன, கோயிலையே மேடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறாளே என்று சந்தோஷப்பட்டேன். கதை என்ன என்று கேட்டேன். "வந்து பாருங்க" என்றாள். பங்குச் சாமியும் சந்தோஷமாக உத்தரவு கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை, கோயிலில் உள்ள பூசை உடுப்பு, பாத்திரம் எதையும் நாடகத்துக்குத் தொடக் கூடாது. நியாயம்தானே.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு முன்னறை என்னுடையதாக இல்லை; பாட்டெல்லாம் அங்கேதான் பழகினார்கள், கதை வருகிற இடத்தை மட்டும் என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பழகினார்கள். சாமியாராக நடிப்பதற்கு நல்ல குரல் வேண்டும் என்று ஊரெல்லாம் தேடி, கடைசியில் அவள் பிடித்துக்கொண்டு வந்தது யாரை என்று நினைக்கிறாய்? பக்கத்து வீட்டு ராஜலிங்கத்தின் மகன் சுரேஸை! பிலிமத்தலாவையில் போன் கடை வைத்திருக்கிறான், பிள்ளையார் கோயிலில் பஜனை பாடுகிறவன், பூசை என்றால் அவனுக்குத் தேங்காய் உடைக்கிறதுதான் தெரியும். ராஜலிங்கத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லாததும் உனக்குத் தெரியும். அவருடைய பலாமரத்துக் கிளை ஒன்று என் கூரைக்கு மேலே வந்து, பழுத்த இலையெல்லாம் கூரைத் தண்ணி ஓடுகிற என் பீலியில் விழுந்து அடைத்து, மழைத் தண்ணி அடுப்படிக்குள் வந்தது. நான் கிளையை வெட்டச் சொன்னேன், அவர் கூரையைத் தள்ளிக் கட்டச் சொன்னார். அதோடு முடிந்தது. ஆனால் பையன் தங்கமான பையன். "அங்கிள், இந்த எடத்துல கைய இப்புடி விரிக்கணுமா, இன்னும் கொஞ்சம் விரிக்கணுமா?" என்று என்னிடமே வந்து கேட்பான். தகப்பனோடு பேசாத நான், மகனுக்குப் பூசை வைக்கக் கற்றுக்கொடுத்தேன். சாமியார் உடுப்புக்கு உன் அண்ணி ஆசையாக வாங்கிப் போட்ட பச்சைத் திரைச்சீலையை ஜன்னலிலிருந்து கழற்றித் தைத்தார்கள். இப்போது தெருவில் போகிறவர்களெல்லாம் நான் பனியனோடு இருப்பதைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாடகம். டவுனில் ஒரு மண்டபம், பங்குச் சனம் இரண்டு பஸ் நிறைய வந்திறங்கியது. அத்தனையும் நம் கோயில் ஆட்கள், அதை நீ ஞாபகத்தில் வைத்துக்கொள். கொழும்பில் நடக்கப்போகிற ஒரு நாடக விழாவுக்குத் தெரிவு செய்ய இரண்டு பேர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், அதில் ஒரு மிஸ் மடியில் கோப்பு ஒன்றை வைத்து எழுதிக்கொண்டே இருந்தார். இந்தத் தெரிவுக்காகத்தான் டிலானி மாதக்கணக்கில் தூங்காமல் கிடந்தாள். தொடங்குவதற்கு முன்னால் என்னிடம் வந்து, என் சேர்ட் கொலரைச் சரிசெய்துவிட்டு, "அப்பா, ஒரே ஒரு ஒதவி. மேடையில யார் என்ன சொன்னாலும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது. சத்தமில்லாத ஒரு எடம் வரும். அதுலதான் நாடகமே இருக்கு" என்றாள். நான் தலையாட்டினேன். இருமல் வந்துவிடுமோ என்ற பயத்தில் ஓர் இஞ்சி டொபியையும் வாயில் போட்டு அடக்கிக்கொண்டேன். இதைவிட ஒரு தகப்பன் என்ன செய்ய முடியும்? என் பக்கத்துக் கதிரையில் ராஜலிங்கம். மகனுடைய நாடகம், என் மகளுடைய நாடகம், இரண்டு பேருக்கும் முன்வரிசைதான். அவர் மேடையைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது ஞானம், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவார்களே, ஒவ்வொரு பேருக்கும் ஒருவர் "இருக்கேன்" என்று குரல் கொடுப்பார்களே, அந்தத் தாளத்தில் "ஆண்டவரே இரக்கமாயிரும்" வந்தது. தப்பு அடிக்க அடிக்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வானவர் கீதத்துக்கு நம்முடைய பஸ் ஸ்டாண்டையே மேடைக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஒரு பக்கம் "மாத்தளை, மாத்தளை, அக்குறணை, மாத்தளை", மறுபக்கம் "பிலிமத்தலாவை, பிலிமத்தலாவை" என்று கொண்டக்டர்மார் கூவ, அந்தக் கூச்சலுக்குள்ளிருந்தே "உன்னதங்களிலே" என்று பெண்பிள்ளைகளின் குரல் மேலே எழும்பி வந்தது பார், கொழும்பு மிஸ் எழுதுவதை நிறுத்திவிட்டார். டிலானி மேடைக்குக் கீழே கீபோர்டில் இருந்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்தே எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு கதை தொடங்கியது. மலைக்கு மேலே ஒரு தோட்டத்துச் சின்னக் கோயில். சாமி எப்போதாவதுதான் வருவார். அந்தத் தடவை அவர் வரும்போது சனமெல்லாம் நிற்கிறது, முன்னால் ஒரு கதிரை மட்டும் காலி. கதிரைமேல் ஒரு குடை. அது எனக்குத் தெரிந்த குடை. ஒரு கம்பி வளைந்த கறுப்புக் குடை. உன் அண்ணி அந்தோனியார் சுரூபத்துக்கு மெழுகுதிரி கொளுத்தப் போகும்போது, வேறு யாரும் தன் இடத்தில் உட்கார்ந்துவிடக் கூடாது என்று கதிரையில் வைத்துவிட்டுப் போவாளே, அதே குடை. அவள் போனதிலிருந்து எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, நாங்கள் இருவருமே அதைத் தொடுவதில்லை. அன்று காலையில் ஆணி வெறுமையாக இருந்ததைப் பார்த்து, மழைக்கு எடுத்துக்கொண்டு போகிறாளாக்கும் என்று நினைத்திருந்தேன்.

அண்ணியின் அடக்கத்துக்கு நீ வர முடியாமல் போனதால் உனக்கு ஒரு விஷயம் தெரியாது, நானும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. புஷ்பம் பூசையில் எப்படிப் பதில் சொல்வாள் என்று ஞாபகம் இருக்கிறதல்லவா? சாமி "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று முடிப்பதற்குள் இவள் "உம்மோடும்" என்று தொடங்கிவிடுவாள். அரை மூச்சு முந்தி. அவள் தொடங்கினால்தான் கோயில் தொடங்கும், சனமெல்லாம் அவள் குரலில் தொற்றிக்கொண்டு போய்த்தான் பழக்கம். முன்பிருந்த சாமி, "புஷ்பம் அக்கா, என்னைக் கொஞ்சம் முடிக்க விடுங்க" என்று பிரசங்கத்திலேயே சொன்னார். அடுத்த வாரம் இவள் இன்னும் கொஞ்சம் முந்திக்கொண்டாள். அவளுடைய அடக்கப் பூசை, நாடு மூடிக்கிடந்த வருடத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு, எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டு நின்ற பூசை. சாமி கைகளை விரித்து, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. துக்கத்தில் வாய் வரவில்லை என்று சாமி நினைத்திருப்பார். அதுவல்ல ஞானம். நாங்கள் காத்துக்கொண்டு நின்றோம். பழக்கதோஷத்தில் எல்லோரும் அவள் தொடங்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றோம். தொடங்க வேண்டியவள் பெட்டிக்குள் இருந்தாள். கடைசியில் சாமி தானே பதிலையும் சொல்லிக்கொண்டு பூசையை நடத்தினார். இதைப் பற்றி நானும் டிலானியும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அதற்கப்புறம் அவள் கோயிலுக்கு வரவும் இல்லை. இப்போது பார்த்தால் அதையே பாட்டாகப் போட்டு, அம்மாவின் குடையையும் வைத்து, என் கண்ணுக்கு முன்னால் மேடையில் நடத்துகிறாள்.

சுரேஸ் எங்கள் வீட்டுத் திரைச்சீலையில் நின்றுகொண்டு, கைகளை விரித்து, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று பாடினான். மேடையில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் மண்டபம் முழுக்கக் கதிரைகள் கிரீச்சிட்டன. கத்தோலிக்கச் சனத்திடம் இதைச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லாதே என்றால் எப்படி? தும்மலை அடக்குகிற மாதிரி எல்லோரும் அடக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் தடவை பாடினான், இந்தத் தடவை கேள்வி கேட்கிற மாதிரி, நான் உங்களுக்கு என்ன குறை வைத்தேன் என்கிற மாதிரி. பதில் இல்லை. மூன்றாம் தடவை கீபோர்டும் நின்றுவிட்டது. பையன் பாடக்கூட இல்லை, மெதுவாகச் சொன்னான். அந்தக் காலிக் கதிரையைப் பார்த்துச் சொன்னான். மண்டபத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. டிலானி சொன்ன சத்தமில்லாத இடம் இதுதான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இதற்கப்புறம் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து, சாமி பீடத்தை விட்டு இறங்கிப் போக, நாடகம் முடியும்; அந்த முடிவை மட்டும் சுரேஸ் என்னிடம் முன்பே வாய்தவறிச் சொல்லியிருந்தான். அந்தக் கதிரையை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டும். என்னால் முடியவில்லை ஞானம். அந்தக் குடையைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "உம்மோடும் இருப்பாராக!" என்று கத்திவிட்டேன்.

சொன்னேன் என்று எழுதப் பார்த்தேன், ஆனால் கத்தினேன் என்பதுதான் உண்மை. வாயில் இருந்த இஞ்சி டொபி பறந்துபோய்க் கொழும்பு மிஸ்ஸின் கோப்பில் விழுந்து ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. அவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டிருந்த சனம் முழுக்க, "உம்மோடும் இருப்பாராக!" என்று கூரை அதிரச் சொல்லிக்கொண்டு எழும்பி நின்றது. லைட், மைக் எல்லாம் அக்குறணை ரிஸ்மியின் பொறுப்பு. சனம் எழும்பியதைப் பார்த்து அவன் எல்லா லைட்டையும் பளிச்சென்று போட்டுவிட்டான். பிறகு கேட்டதற்கு, "சனமெல்லாம் எழும்பிட்டாங்க அங்கிள், முடிஞ்சிட்டாக்கும்னு நெனச்சேன்" என்கிறான், அவனைக் குறை சொல்ல முடியுமா? பாவம் சுரேஸ். பதில் வந்தால் என்ன செய்வது என்று அவனுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விரித்த கையை மடக்கவும் தெரியாமல் நின்றான். சாமி வசனத்தை மறந்துவிட்டார் என்று இரக்கப்பட்டுப் பாடகர் குழுச் செசிலியா அக்கா மூன்றாம் வரிசையிலிருந்து, "தம்பி, இதயங்களை மேலே எழுப்புங்கள்!" என்று எடுத்துக்கொடுத்தார். அவனும் நல்ல பிள்ளையாக அப்படியே சொன்னான். "ஆண்டவரிடம் எழுப்பியுள்ளோம்!" என்றது மண்டபம். ஓடுகிற பஸ்ஸை இனி யார் நிறுத்துவது? செசிலியா அக்கா எடுத்துக்கொடுக்கக் கொடுக்க, சுரேஸ் சொல்லச் சொல்ல, சனம் நின்றது, கதிரைக்கு இடையில் இடமில்லாமல் முழங்காலை மடக்கிப் பார்த்தது, மறுபடி நின்றது. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்கிற இடமும் வந்துவிட்டது.

நானும் பழக்கத்தில் திரும்பிப் பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்து, "சமாதானம்" என்றேன். பிடித்த பிறகுதான் பார்த்தேன், ராஜலிங்கத்தின் கை! அவருக்கு இது பூசையில் எல்லோரும் எல்லோருக்கும் செய்கிற வழக்கம் என்று எங்கே தெரியும்? இத்தனை வருடம் கழித்து நான் சபை நடுவில் எழும்பி நின்று சமாதானம் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாஸ்டர், நீங்க பெரிய மனுஷன் மாஸ்டர், நான்தான் அந்தக் கெளைய அன்னைக்கே வெட்டியிருக்கணும்" என்று கண்ணைத் துடைத்தார். இது வெறும் முறைக்குச் சொன்னது என்று அந்த நேரத்தில் சொல்ல எனக்கு மனம் வருமா? மறுநாள் முதல் வேலையாக ஆள் வைத்துக் கிளையை வெட்டிவிட்டார். இப்போது கூரைக்கு நிழலே இல்லை, முன்னறை வேகிறது, அதற்குத் திரைச்சீலையும் இல்லை.

இதற்குள் சனம் நற்கருணைக்கு வரிசையில் வரத் தொடங்கிவிட்டது. சுரேஸுக்கு முகம் வெளுத்துப்போனது. அப்போதுதான் பங்குச் சாமி எழும்பி மேடைக்கு ஓடி, மைக்கைப் பிடுங்கி, "பிள்ளைகளே, இது பூசை இல்ல, நாடகம்! எல்லாரும் போய் உக்காருங்க!" என்றார். மண்டபம் முழுக்க ஒரே குரலில், "ஆமென்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தது. நாடகம் அதோடு முடிந்தது. நான் டிலானியைப் பார்த்தேன். கீபோர்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு தோளும் குலுங்கிக்கொண்டிருந்தன. கொழும்பு மிஸ் கோப்பிலிருந்து டொபியைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். என் பிள்ளையின் மாதக்கணக்கான உழைப்பை ஒரு நொடியில் கெடுத்துவிட்டேன். வாடகை வான் பிடித்து வீட்டுக்கு வந்தோம். வந்ததும் குடையைப் பழைய ஆணியில் மாட்டினாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து இந்தத் தேத்தண்ணிதான்.

இனிமேல் நாலு பேர் கூடுகிற இடத்தில் வாயே திறப்பதில்லை, கோயிலில்கூட, என்று நான் அன்றே சத்தியம் செய்துவிட்டேன். இன்று காலையில் அந்தச் சத்தியத்துக்கும் சோதனை வந்தது. நல்ல மழை. ராஜலிங்கம், "மாஸ்டர், நனையாதீங்க" என்று தன் வான் வண்டியிலேயே கோயில் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பூசை தொடங்கி, சாமி, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார். ஒருவரும் பதில் சொல்லவில்லை! என்ன என்று பார்த்தால் அத்தனை பேரும் என்னைப் பார்க்கிறார்கள். மண்டபத்தில் நான் தொடங்கியதால் இனி நான்தான் தொடங்குவேன் என்று நினைத்துவிட்டார்களாம், சனத்தின் புத்தி எப்படி வேலை செய்கிறது பார். நான் சேர்ட் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். செசிலியா அக்கா கண்ணைக் காட்டுகிறார், முழங்கையால் இடிக்கிறார், நான் அசையவில்லை. சாமி இன்னொரு தடவை, "ஆண்டவர் உங்களோடு" என்று தொடங்கினார், அவர் முடிப்பதற்குள் பின்னால் வாசல் பக்கமிருந்து ஒரு பெண்குரல் தொடங்கிவிட்டது. நல்ல வேளை, எல்லோரும் அதில் தொற்றிக்கொண்டார்கள். யாரோ வெளியூர்க்காரியாக இருக்க வேண்டும், மகா அவசரக்காரி, சாமியை முடிக்க விடாமல் பூசை முழுக்க அரை மூச்சு முந்திக்கொண்டே இருந்தாள். வெட்கத்தில் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பூசை முடிந்ததும் பக்கக் கதவால் வெளியேறி, மழை விடும்வரை கடையோரம் நின்று, வீட்டுக்கு வந்தால் சோறு இன்னும் ஆகவில்லை! இத்தனை வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை சோறு பிந்தியது இதுதான் முதல் தடவை. கோழியும் இல்லை, பருப்பும் ஒரு முட்டைப் பொரியலும்தான். இவ்வளவு நாளும் தேத்தண்ணியில் காட்டாத கோபத்தைச் சோற்றில் காட்டிவிட்டாள். கோபம் முற்றிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே ஞானம், தியானம் முடிந்ததும் தாமதிக்காமல் வா. அப்பா வேண்டுமென்று செய்யவில்லை, அந்தக் கதிரைக்கு யாராவது பதில் சொல்ல வேண்டியிருந்தது என்று அவளிடம் சொல். எனக்கு அவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. மதர் அவர்களுக்கு என் வணக்கம். எல்லாச் சிஸ்டர்மாருக்கும் ஸ்தோத்திரம். ஆட்டுக்கு மன்னிப்பு. ஆண்டவரும் மடு மாதாவும் உங்கள் எல்லோரையும் காப்பாற்றி, உன்னை ஒரு நல்ல பஸ்ஸில், நிதானமாக ஓட்டுகிற சாரதியோடு, இங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டுமென்று மன்றாடும்,

உன் பாசமுள்ள அண்ணன்,
அ. சூசைமாணிக்கம்,
ஓய்வுபெற்ற உப தபாலதிபர்.

பி.கு. மேலே எழுதியதில் வணக்கத்தையும் ஆசீர்வாதத்தையும் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடு. கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வருவோம் என்று எழும்பினேன், வானம் மறுபடி இருட்டியது, வேறு குடை இல்லாததால் புஷ்பத்தின் குடையை எடுக்கக் கதவுக்குப் பின்னால் கையை விட்டேன். குடை நனைந்திருந்தது. கீழே தரையில் தண்ணி குட்டையாக நின்றது. நான் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அடுப்படியிலிருந்து டிலானி எட்டிப் பார்த்தாள்.

"மழையில எங்க போயிருந்த?" என்று கேட்டேன்.

"கோயிலுக்குத்தான்."

"பின்னால நின்னு தொடங்குனது நீயா?"

"பின்ன? நீங்க லேஞ்சிய வாயில பொத்திக்கிட்டு நிக்கிறீங்க, ஊரே ஒங்க முதுகப் பாத்துக்கிட்டு நிக்குது. சாமி பாவமில்ல?" என்றாள். பிறகு என் கையிலிருந்த குடையை வாங்கி, விரித்து, காய வைத்துக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கி நீங்க பிந்திட்டீங்கப்பா. மூணு தடவ சுரேஸக் காக்க வச்சிட்டீங்க. அம்மான்னா மொதத் தடவையே தொடங்கியிருப்பா."

கோபமே இல்லையாம் ஞானம். என் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்ற பயத்தில்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். கீபோர்டில் கவிழ்ந்து அழுததும் உண்மைதானாம், ஆனால் சாமி போய் உட்காரச் சொல்லி எல்லோரும் "ஆமென்" என்றதற்கப்புறம் குலுங்கியது சிரிப்பாம். கொழும்பிலிருந்தும் போன் வந்ததாம். நாடகத்தை எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் சபைக்குள் இருந்து நடித்த அந்த இரண்டு பஸ் சனத்தையும் தவறாமல் கூட்டிவர வேண்டுமாம், அவ்வளவு பேரை எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்கிறார்களாம். பங்குச் சாமியாக வந்து மைக்கைப் பிடுங்கியவர் அசல் சாமி மாதிரியே இருந்தாராம். முன்வரிசையில் டொபி துப்பிய பெரியவர் மட்டும் கொஞ்சம் மிகை நடிப்பாம்.

ஆகவே நீ சமாதானம் பேச வர வேண்டாம், நாடகம் பார்க்க வா, மதரையும் கூட்டிக்கொண்டு வா. மண்டபத்தில் நான் தொடங்க வேண்டுமாம், முதல் தடவையிலேயே, அரை மூச்சு முந்தி, வாயில் ஒன்றும் இல்லாமல். கோயிலில் அவளே தொடங்குவாளாம். நீ வரும்போது பசியோடு வராதே, வழியில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வா. இனி எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சோறு பிந்தித்தான் ஆகும்.